காது ஜவ்வில் ஓட்டையா? சீழை நிறுத்துவதில் தொடங்கி பஞ்சு எடுப்பது வரை

"ஜவ்வு ஓட்டையா இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று இ.என்.டி. மருத்துவர் சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். "காதுல கத்தி வெச்சா வாய் கோணிக்கும், வேண்டாம்" என்பது ஒன்று. "சின்ன ஓட்டைதானே, தானா மூடிக்கும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரு துளி உண்மை உண்டு. உங்கள் காதுக்கு எது பொருந்தும் என்பது ஓட்டையின் அளவைவிட அது எந்த வகை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. அறுவைக்குத் தேதி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும், தேதி வாங்கிய பின் செய்ய வேண்டியவையும் இங்கே வரிசையாக.

உள்ளே என்ன இருக்கிறது

காதுத் துளையிலிருந்து ஜவ்வு வரை சுமார் இரண்டரை செ.மீ. தூரம். குழாயின் முடிவில் சற்றுச் சாய்ந்தாற்போல் நிற்கும் ஜவ்வின் விட்டம் ஒரு செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. தடிமன் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. பாடப் புத்தகத்தில் இதற்குச் செவிப்பறை என்று பெயர். அதன் பின்னால் காற்று நிரம்பிய சிறு அறை, அதுதான் நடுக்காது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அங்கே சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அங்கவடியின் அடித்தட்டைப் போல ஏறக்குறைய 17 மடங்கு பரப்பு ஜவ்வுக்கு இருக்கிறது. அகன்ற இடத்தில் வாங்கிய அதிர்வைச் சிறிய இடத்தில் குவித்துத் தள்ளுவதால்தான் மெல்லிய பேச்சும் உட்செவியில் உள்ள திரவத்தை அசைக்க முடிகிறது. ஓட்டை விழுந்தால் அந்தக் குவிப்பு குறைகிறது. கூடவே குளிக்கிற தண்ணீர் நேராக நடுக்காதுக்குள் போகிறது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் உண்டு. கொட்டாவி விடும்போது காதில் 'டப்' என்று கேட்பது அது திறப்பதால்தான். பெரியவர்களுக்கு அது மூன்றரை செ.மீ. அளவில் சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கையாகவும் இருப்பதால் சளி பிடித்தால் கிருமி எளிதாக ஏறிவிடும். காது நோய்க்கு வந்தவரின் மூக்கை மருத்துவர் ஏன் அவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதற்கு இதுவே பதில்.

முதல் வேலை: எந்த ஓட்டை?

*அடிபட்டு விழுந்த ஓட்டை.* கன்னத்தில் விழுந்த அறை, பக்கத்தில் வெடித்த பட்டாசு, பட்ஸ் குத்தியது. அறையால் வருவது பெரும்பாலும் இடது காதில்தான் இருக்கும். அடிக்கிறவர்களில் வலது கைக்காரர்கள் அதிகம். இந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை 6 முதல் 12 வாரத்தில் தாமாகவே மூடிக்கொள்ளும். செய்ய வேண்டியது காதைச் சும்மா விடுவது மட்டும்தான். சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் வேண்டாம், தண்ணீர் படக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. மூன்று மாதம் தாண்டியும் மூடாவிட்டால் அறுவையைப் பற்றி யோசிக்கலாம். அடிபட்டவுடன் தலை சுற்றியது, வாந்தி வந்தது, காது அடியோடு கேட்கவில்லை என்றால் உட்செவியிலும் அடி பட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிதடி வழக்கு என்றால் முதல் நாளே காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். ஓட்டை மூடிய பிறகு அது இருந்ததற்குத் தடயமே இருக்காது.

*நடு ஜவ்வில் ஓட்டை.* சிறுவயதிலிருந்து விட்டுவிட்டுச் சீழ் வடிகிற காதுகளில் பெரும்பாலும் காண்பது இதுதான். ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் கொஞ்சம் ஜவ்வு மீந்திருக்கும். சளி பிடித்தாலோ தண்ணீர் போனாலோ மூக்குச் சளி போல நூலாக, நிறைய வடியும், நாற்றம் இருக்காது. 'பாதுகாப்பான வகை' என்று பழைய பாடநூல்கள் இதற்குப் பெயர் வைத்தன. அந்தப் பெயரை நம்பி இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு, கேட்கும் திறனில் பாதியை இழந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் அது நல்ல பெயர் இல்லை.

*மேல் ஓரத்தில் குழிவு அல்லது ஓட்டை.* இதுதான் கவனிக்க வேண்டியது. ஜவ்வின் மேல் பகுதி உள்ளே இழுக்கப்பட்டுப் பையாகி, அதற்குள் தோல் செதில் செதிலாகச் சேர்ந்துகொண்டே போகும். கொலஸ்டியடோமா என்பார்கள். இது புற்றுநோய் கிடையாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எலும்பை அரிக்கும். சீழ் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் செத்த எலி போல நாறும். சில சமயம் ரத்தம் கலந்திருக்கும். வலி இருக்காது என்பதால் அலட்சியப்படுத்திவிடுவார்கள். இந்த வகைக்குச் சொட்டு மருந்து தீர்வாகாது, அறுவைதான் வழி.

உங்களுடையது எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்க முடியாது. சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு, மைக்ராஸ்கோப் அல்லது எண்டோஸ்கோப் வைத்து ஜவ்வு முழுவதையும், குறிப்பாக மேல் ஓரத்தை, பார்த்தால்தான் தெரியும். சீழ் நிரம்பிய காதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் வகை தெரியவில்லை என்றுதான் பொருள். "கொலஸ்டியடோமா இருக்கா இல்லையா?" என்று நேராகவே கேளுங்கள்.

காதுச் சீழ் உள்ளவருக்குக் கடுந்தலைவலியுடன் காய்ச்சல், வாந்தி, காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், நிற்க முடியாத தலைசுற்றல், அரைமயக்கம் என எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சீழ் எலும்பைத் தாண்டி மூளை உறை வரை போயிருக்கலாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை இது. வாய் கோணும் என்ற பயம் அறுவையைப் பற்றித்தான் ஊரில் இருக்கிறது. அறுவை செய்யாத கொலஸ்டியடோமாவாலும் அதே வாய் கோணும்.

இரண்டாம் வேலை: காதைக் காய வைப்பது

அறுவையின் வெற்றியில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஓட்டையை மூட உங்கள் உடம்பிலிருந்தே எடுத்து வைக்கும் மெல்லிய துண்டுதான் ஒட்டு. சீழ் வடியும் காதில் ஒட்டுப்போட்டால் அது அழுகிப் போகும் வாய்ப்பு கூடும். சில வாரமாவது காது காய்ந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

சொட்டு மருந்து ஊற்றுவதில் பலர் செய்யும் தவறு, சீழின் மேலேயே ஊற்றுவது. மருந்து சீழில் மிதக்குமே தவிர உள்ளே போகாது. சரியான வரிசை இது:

1. சுத்தமான பருத்தித் துணியையோ உறுதியான டிஷ்யூ தாளையோ திரி போல முறுக்கிக் காதுக்குள் மெதுவாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அது ஈரத்தை உறிஞ்சும். எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி. கடைசித் திரி காய்ந்து வரும்வரை இப்படி மாற்றுங்கள். ஈர்க்குச்சி, ஊக்கு, பட்ஸ், கோழி இறகு எதுவும் வேண்டாம்.

2. மருந்துப் புட்டியை இரண்டு நிமிடம் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். குளிர்ந்த சொட்டு உட்செவியைத் தூண்டி அறையே சுற்றுவது போல ஆக்கிவிடும். 'மருந்து ஒத்துக்கலை' என்று நிறுத்திவிடுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். கொதிநீரில் வைக்க வேண்டாம்.

3. நல்ல காது தலையணையில் படும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக.

4. எழுதிக் கொடுத்த அளவு, பொதுவாக 3 அல்லது 4 சொட்டு. அதன் பின் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பை விரலால் நாலைந்து முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். பம்பு அடிப்பது போல மருந்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். தொண்டையில் கசந்தால் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

5. ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருந்து, எழுந்து, வழிவதைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்து என்பதும் முக்கியம். ஓட்டையுள்ள காதுக்குப் பொதுவாக எழுதப்படுவது சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற குயினோலோன் வகைச் சொட்டு. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் உட்செவியின் உணர்வு உயிரணுக்களைக் கெடுக்கக் கூடியவை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கும் போது இந்தப் பெயர்கள் புட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறும்பி இளக்கும் சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவது மூன்றும் ஓட்டையுள்ள காதுக்கு ஆகாது. கண்ணுக்கும் காதுக்கும் என்று எழுதிய சொட்டைக் காதில் விடலாம். காதுக்கு மட்டும் என்று எழுதியதைக் கண்ணில் விடக் கூடாது. திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

இரண்டு வாரம் சரியாக ஊற்றியும் நிற்கவில்லை என்றால் மருந்தை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மேல் ஓரத்தை மறுபடி பார்க்க வேண்டும், மூக்கைப் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: பூஞ்சை. ஆன்டிபயாடிக் சொட்டை நாள்கணக்கில் நீட்டிக்கொண்டே போனால் கிருமி போய்ப் பூஞ்சை வரலாம். சீழைவிட அரிப்பு அதிகமாக இருக்கும். உள்ளே நனைந்த செய்தித்தாள் துண்டு போலக் கறுப்புப் புள்ளிகளோடு சாம்பல் நிறக் குப்பை தெரியும். அதற்கு அதை உறிஞ்சி எடுத்துவிட்டு வேறு மருந்து தர வேண்டும்.

குளியல்தான் பெரிய எதிரி. சின்ன நெல்லிக்காய் அளவு பஞ்சை எடுத்து வாசலைனில் நன்றாகப் பிசையுங்கள். மேலே தடவினால் மட்டும் போதாது, தண்ணீர் உறிஞ்சாத அளவுக்குப் பிசைய வேண்டும். அதைக் காதுத் துளையின் வாயில் அடைத்துக்கொண்டு குளித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் பஞ்சோடு திரிந்தால் உள்ளே புழுக்கமாகிப் பூஞ்சை வளரும். கிணற்று நீச்சல், ஆற்றில் முங்குவது, குற்றாலத்து அருவிக்கு அடியில் தலையைக் கொடுப்பது, மூன்றுக்கும் ஓட்டை மூடும்வரை விடுமுறை. எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை, ஆனால் காதுக்குள் எண்ணெய் விடக் கூடாது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இன்னும் மோசம். சூட்டுப் புண்ணோடு குழந்தைகள் வருவது அந்த வழியிலும் உண்டு.

மூன்றாம் வேலை: ஆடியோகிராம் படிக்கக் கற்றுக்கொள்வது

ஆடியோகிராம் என்பது கேட்கும் திறனை அளந்து கோடாக வரைந்த தாள். காது காய்ந்த பிறகு எடுப்பதுதான் நம்பத்தகுந்தது. தாளில் வலது காது சிவப்பு வட்டமாகவும், இடது காது நீலப் பெருக்கல் குறியாகவும் இருக்கும். மேலிருந்து கீழே டெசிபல் கூடும், ஆக கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. 25க்குள் இருந்தால் ஏறக்குறைய இயல்பு, 26 முதல் 40 லேசான குறை, 41 முதல் 60 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கோடுகள் இருக்கும். ஹெட்போன் வழியாகக் கேட்பது காற்று வழி. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் கருவியை வைத்துக் கேட்க வைப்பது எலும்பு வழி. அது ஜவ்வையும் நடுக்காதையும் தவிர்த்து நேரே உட்செவிக்குப் போகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருக்கும் இடைவெளிதான் அறுவையால் திரும்பக் கிடைக்கக் கூடிய பங்கு. எலும்பு வழிக் கோடே கீழே கிடந்தால் அந்தப் பங்கை எந்த ஒட்டும் மீட்டுத் தராது, காது கேட்கும் கருவிதான் துணை. அறுவைக்குப் பின் "கேட்கவே மாட்டேங்குது" என்ற வருத்தங்களில் பல, இந்த இரண்டாவது கோட்டைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்லாததால் வருபவை.

ஜவ்வில் ஓட்டை மட்டும் என்றால் இடைவெளி 20, 30 டெசிபல் அளவில் இருக்கும். ஓட்டை சின்னது, ஆனால் இடைவெளி 40ஐத் தாண்டுகிறது என்றால் எலும்புச் சங்கிலி எங்கோ அறுந்திருக்கலாம். பட்டடை எலும்பின் நீண்ட நுனிதான் முதலில் அரிபடும். ஆடியோகிராமுக்கு முன் மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு முன்னும் பின்னும் வைத்துக் கேட்பது இதே கேள்விக்கான முதல்கட்ட விடை. பின்னால் எலும்பில் வைத்தபோது முன்னால் வைத்ததைவிட நன்றாகக் கேட்டால் கோளாறு ஜவ்விலோ எலும்பிலோ இருக்கிறது.

எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் தேவையில்லை. கொலஸ்டியடோமா என்று சந்தேகம், முன்பே அறுவை நடந்த காது, தலைசுற்றல் உள்ளவர், இவர்களுக்குத்தான் காதெலும்பின் நுண் ஸ்கேன் அவசியம்.

யார் காத்திருக்கலாம்

ஆறு ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் சளி பிடித்துக்கொண்டே இருக்கும். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்திருந்தால் அதைக் கவனிக்காமல் ஜவ்வை மூடினாலும் மறுபடி கிழியும். ஆகவே பல மருத்துவர்கள் கொஞ்சம் வளரட்டும் என்பார்கள். மூக்கடைப்பும் தும்மலும் உள்ள பெரியவர்களுக்கு முதலில் மூக்கைச் சரிசெய்வது உண்டு. இரு காதிலும் ஓட்டை என்றால் மோசமான காதில்தான் முதலில் செய்வார்கள். ஏதாவது தவறினால் நல்ல காதாவது மிஞ்சும். ஒரே காதுதான் கேட்கிறது, அதிலேயே ஓட்டை என்றால் கொலஸ்டியடோமா இல்லாத வரை பெரும்பாலும் கத்தி வைக்கத் தயங்குவார்கள். புகைப்பவர்களுக்கு ஒட்டு பிடிப்பது குறைவு. சில வாரம் முன்பே நிறுத்துவது நல்லது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. ஜவ்வு ஒட்டும் அறுவை அங்கே அன்றாட வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்று அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் கையோடு இருக்கட்டும்.

அறுவைக்கு முந்தைய நாட்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தமே குளம்போல் தெரியும். ஆனால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் சம்மதிக்க வேண்டும். சளி, இருமல் பிடித்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போவது ஒட்டு தள்ளிப்போவதைவிட நல்லது.

முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், அடுத்த தலைக்குளியல் எப்போது என்று சொல்வதற்கில்லை. காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு முடியை மழிப்பார்கள். பெண்கள் மறுபக்கமாகப் பின்னிப் போட்டுக்கொண்டால் பின்னால் தெரியாது. கம்மல், மூக்குத்தி, தாலிச்சங்கிலி உட்பட உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவியால் உலோகம் பட்ட இடம் சுட்டுவிடலாம். பல வருடமாகக் கழற்றாத மூக்குத்தியை முந்தைய வாரமே தட்டாரிடம் கழற்றிக்கொள்ளுங்கள். அறுவை மேசையில் வைத்து அதோடு போராடுவது யாருக்கும் நல்லதில்லை.

திட உணவை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். காபியும் பாலும் உணவுக் கணக்கில்தான் சேரும்.

மேசையில் நடப்பது

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒட்டும் இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள் அல்லவா, அதே போல ஓட்டையின் ஆறிப்போன விளிம்பை வட்டமாகச் சீவிப் புதுப் புண்ணாக்குகிறார்கள். விளிம்பு ஆறியே இருந்தால் அதில் எதுவும் ஒட்டாது. டியூபில் இருந்து ஒரு வேறுபாடு: ஒட்டுத் துண்டைப் பெரும்பாலும் ஜவ்வின் உள்பக்கமாக வைப்பார்கள்.

ஒட்டுத் துண்டு உங்களுடையதே. காதுக்குப் பின்னால் கீறி, மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் இருந்து ஒரு துண்டு எடுத்து, அழுத்திக் காய வைத்தால் காகிதம் போல ஆகும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டீனும் சோல்னரும் இந்த அறுவையை வடிவமைத்தபோது தோலைத்தான் ஒட்டினார்கள். தோல் தன் இயல்பில் செதில் உதிர்த்துக்கொண்டே இருந்ததால் சிக்கல் வந்தது. பின்னர் தசையுறை அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளே இழுபடும் ஜவ்வு, மறு அறுவை போன்ற காதுகளுக்குக் காதின் முன் குருத்தெலும்பைச் சீவி வைப்பார்கள். அது விறைப்பானது, எளிதில் உள்வாங்காது. எண்டோஸ்கோப் வழியாகக் காதுத் துளைக்குள்ளேயே செய்தால் பின்னால் கீறல் விழாது. குழாய் குறுகலாக இருப்பவர்களுக்கு அது எப்போதும் வசதிப்படாது.

ஒட்டு நகராமல் இருக்க உள்ளும் வெளியும் ஜெல்ஃபோம் என்ற கரையும் பஞ்சுத் துண்டுகளை அடுக்கி, மேலே மருந்துத் திரி வைத்துக் கட்டுப்போடுவார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வதும் உண்டு. பேச்சும் கருவிச் சத்தமும் கேட்கும், வலி தெரியாது. ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான்.

டிஸ்சார்ஜ் தாளில் வரும் பெயர்கள்: ஜவ்வை மட்டும் ஒட்டினால் மிரிங்கோபிளாஸ்டி. நடுக்காதைத் திறந்து எலும்புச் சங்கிலியையும் பார்த்துச் சரிசெய்தால் டிம்பனோபிளாஸ்டி. பின்னால் இருக்கும் தேன்கூடு போன்ற எலும்பைக் குடைந்து சுத்தம் செய்தால் மாஸ்டாய்டெக்டமி.

வீட்டுக்கு வந்த பின்

முதல் நாள் தலை சுற்றும், ஒரு கை பிடித்து நடக்க வேண்டியிருக்கும். மரத்துப்போகும் ஊசியால் முகத்தின் அந்தப் பக்கம் சில மணி நேரம் தொய்வாக இருக்கலாம், ஊசியின் வேகம் இறங்கியதும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கண் மூடவில்லை, வாய் கோணுகிறது என்றால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

தலைக்கட்டை ஓரிரு நாளிலும், தையலை ஏழு நாள் அளவிலும், காதுக்குள் இருக்கும் திரியை மருத்துவரின் வழக்கத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரத்திலும் எடுப்பார்கள். திரியின் நுனி வெளியே வந்து தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம். காதில் 'டப் டப்', 'கிளிக்' என்று கேட்பதும், லேசாகச் செந்நீர் கசிவதும், அடைத்தது போல இருப்பதும் இயல்பு. உள்ளே பஞ்சு இருக்கும்வரை முன்பைவிடக் குறைவாகத்தான் கேட்கும்.

இந்த வாரங்களில் ஒட்டைத் தள்ளிவிடக் கூடிய ஒரே பெரிய விசை, மூக்கு வழியாக ஏறும் காற்றழுத்தம். மூக்கைச் சிந்தாதீர்கள், சளி வந்தால் உள்ளிழுத்துத் துப்புங்கள். தும்மல் வந்தால் அடக்கவே கூடாது, வாயை நன்றாகத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்கும் பழக்கம் வேண்டாம். மலச்சிக்கலுக்கு முக்குவதும், குடம் தூக்குவதும் அதே அழுத்தம்தான். நான்கு முதல் ஆறு வாரம் விமானம் வேண்டாம். (வேடிக்கை என்னவென்றால், ஓட்டை இருந்த காலத்தில் விமானம் ஏறினால் காது வலித்திருக்காது, அழுத்தம் ஓட்டை வழியாகவே சரியாகிவிடும்.) வாசலைன் பஞ்சு இல்லாமல் முகம்கூடக் கழுவ வேண்டாம். நீச்சலைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசலாம்.

மடலின் மேல்பாதி மரத்துப்போய், சீப்பு பட்டால் ஏதோபோல இருக்கும். சில மாதங்களில் திரும்பும். நாக்கின் அந்தப் பக்கம் தகரத்தை நக்கியது போல ருசி வருவதும் உண்டு. சுவை நரம்பின் ஒரு கிளை ஜவ்வின் பின்னாலேயே ஓடுகிறது, எவ்வளவு பதமாகச் செய்தாலும் அது கொஞ்சம் உரசுப்படும். அதுவும் மெல்லத் தணியும்.

நாற்றமுள்ள சீழ், காய்ச்சல், பொறுக்க முடியாத வலி, நாளுக்கு நாள் கூடும் தலைசுற்றல், காதுக்குப் பின்னால் புதிதாக வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒட்டு பிடிக்காமல் போவது ஏன்

பொதுவாகப் பத்தில் எட்டு ஒன்பது காதுகளில் ஒட்டு பிடித்துவிடும். பிடிக்காதவற்றில் பெரும்பாலும் காரணம் சளியோ தண்ணீரோ கொண்டுவந்த கிருமி. ஜவ்வின் முன்பாதியில் ஒட்டைத் தாங்க இடம் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே பெரிய ஓட்டைகளில் முன் ஓரம்தான் முதலில் விட்டுப்போகும். நடுக்காதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு ஒட்டு பிடித்தும் மெல்ல உள்ளே இழுபட்டுவிடும். விட்டுப்போனால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒட்டலாம், பெரும்பாலும் அப்போது குருத்தெலும்புதான்.

கொலஸ்டியடோமாவுக்குச் செய்த மாஸ்டாய்டு அறுவை கணக்கில் வேறு. அங்கே முதல் நோக்கம் நோயை அடியோடு எடுப்பது. கேட்கும் திறன் இரண்டாவது. ஒரு துளி தோல் மிச்சமிருந்தாலும் மீண்டும் வளரும் என்பதால் ஓராண்டு அளவில் மறு அறுவையோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ செய்து பார்ப்பார்கள். காதுக் குழாயின் பின்சுவரை எடுத்துத் திறந்த குழியாக விட்டிருந்தால் அது தானாகச் சுத்தமாகாது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை மருத்துவரிடம் போய்க் குப்பையை எடுத்துக்கொள்ள வேண்டும், வாழ்நாள் முழுவதும். இரண்டு வருடம் நன்றாக இருந்தது என்று விட்டுவிட்டவர்கள்தான் மறுபடி நாற்றத்தோடு வருகிறார்கள்.

மூன்று மாதம் ஆனதும் ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்பதே அறுவையின் மதிப்பெண். இரண்டு தாள்களோடு ஆபரேஷன் நோட்டின் நகலையும் கேட்டு வாங்கி ஒரே உறையில் வையுங்கள். எந்தப் பக்கத் தசையுறை எடுக்கப்பட்டது, பட்டடை எலும்பு இருந்ததா இல்லையா, முக நரம்பின் மேல் எலும்பு மூடியிருந்ததா என்று அதில் எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அந்தக் காதைத் திறக்க நேர்ந்தால் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.